112 ஏன் 75-ஐவிடச் சிறிதாகிறது?

2016 மே 17-ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவு கொண்டது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுக்குள் போயின. சப்ரகமுவ மலைச்சரிவுகளில் மழைக்கணக்கு உயிர்க்கணக்கு. 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100-ஐத் தாண்டினால் தயார்நிலை, 150-ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகோல். மழைப் பதிவுக் கோப்பிலிருந்து இத்தகைய நாட்களைச் சலித்தெடுக்க ஒற்றை வரிக் கட்டளை போதும். கணினி படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இத்தகைய கட்டளைகளை முதலில் கற்க வேண்டும். ஆனால் வரியை மனப்பாடம் செய்யாமல், அது எண்ணை எப்படிப் பார்க்கிறது என்று அறிந்து கற்க வேண்டும்.

1977-இல் பெல் ஆய்வுகூடத்தில் ஆஹோ, வெயின்பேர்கர், கேர்னிகன் மூவரும் உருவாக்கிய 'ஆக்' என்ற கட்டளை லினக்ஸ் கணினிகளில் கூடவே வருகிறது. பழைய கணினியே போதும், இணையம் வேண்டாம். திகதி, தோட்டப் பிரிவு, மழை என மூன்று நிரல்கள் கொண்ட கோப்பில் '$3 > 75' என்று கேட்டால், மழை 75-ஐத் தாண்டிய வரிகள் மட்டும் வரும். யாரோ எண்ணோடு ஒட்டி '112மி.மீ.' என்று பதிந்திருந்தால் அந்த வரி வராது. எழுத்து கலந்ததும் ஆக் அதைச் சொல்லாகக் கொண்டு, அகராதி வரிசையில் ஒப்பிடுகிறது. 7-க்கு முன்னால் 1 வருவதால் 112 சிறிதாகிவிடுகிறது. '8மி.மீ.' தூறலோ எச்சரிக்கையாக வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதுதான் ஆபத்து. '$3 + 0 > 75' என்று பூச்சியத்தைக் கூட்டினால் முன்னாலுள்ள எண் மட்டும் கணக்கில் வரும். வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளையும் இப்படித்தான்: எண்வரிசை என்று சொல்லாவிட்டால் 100, 150, 75 என்றே அடுக்கும்.

எக்செல் போதாதா என்று கேட்கலாம். ஒரு நாள் கணக்குக்குப் போதும். ஆனால் அங்கும் '112மி.மீ.' வடிகட்டியில் சத்தமின்றி நழுவும். விதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அடுத்தவர் தேட வேண்டும். ஒற்றை வரியில் விதி முழுவதும் கண்முன் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவே இதை நொடியில் எழுதித் தருமே என்பது இதைவிட வலுவான கேள்வி. தரும்தான். கோப்பைக் காட்டாதவரை அதில் மி.மீ. ஒட்டியிருப்பது அதற்குத் தெரியாது. அது தரும் கட்டளை வரியை முதலில் 8மி.மீ., 112, 112மி.மீ. என்ற மூன்றே பதிவுகளில் ஓட்டிப் பார்க்க வேண்டியவர் நாம்தான். பூச்சியம் கூட்டுவதிலும் ஒரு பொறி உண்டு. மழைமானியைப் பார்க்காத நாளின் வெற்றிடமும் 0 ஆகி, அளக்காத நாள் மழையற்ற நாளாகிவிடும். அதனால் '$3 == ""' என்ற இன்னொரு வரியால் அந்த நாட்களைத் தனியே எடுத்து, அந்தந்தப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி அளவைக் கேட்க வேண்டும்.