கஷாயம் கொதிக்கும் வீட்டில்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் நாம் நோயாளரைச் சந்திக்கச் செல்லும் வீடுகள் பெருகிவிடுகின்றன. வாசலில் கால் வைக்கும்போதே அடுப்பங்கரையிலிருந்து கசப்பு மணம் எதிர்கொள்ளும். நிலவேம்புக் கஷாயம் கொதிக்கிறது, இவ்வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என அறிந்துகொள்வோம்.

அத்தகைய வீடொன்றில், நான்கு நாள் காய்ச்சலில் கிடந்த சிறுவனைக் கண்டோம். "கஷாயம் குடுத்தேன் சாமி, சூடு தணிஞ்சிடுச்சு" என்று மகிழ்ந்தார் அவன் பாட்டி. உடல் குளிர்ந்திருந்தது உண்மையே. ஆயினும் பையன் வயிற்று வலியால் சுருண்டு கிடந்தான், வாந்தியும் நிற்கவில்லை. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். டெங்கு என்றார்கள். இறைவன் அருளால் பிழைத்து வந்தான். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ற எண்ணம் நம்மை விட்டு அகலாததாலேயே இதை எழுதுகிறோம்.

நிலவேம்பைப் பழிப்பது நம் நோக்கமன்று. நிலவேம்புக் குடிநீர் என்னும் சித்த மருந்தில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய 9 சரக்குகள் சேர்கின்றன. 2012-ஆம் ஆண்டில் டெங்கு பரவியபோது தமிழக அரசே இதனை மக்களுக்கு வழங்கியது.

உட்சூட்டைத் தணிக்கக் கசப்பை நாடுவது நம்மவர் வழக்கம் மட்டுமன்று. சீன மருத்துவத்திலும் அதற்கெனத் தனி மருந்து வகை உண்டு. இதே நிலவேம்பை அவர்கள் 'சுவான்சின்லியன்' என்பர். 'நெஞ்சைத் துளைக்கும் தாமரை' என்பது அதன் பொருள். ஒரு மிடறு குடித்தவர்க்கு அப்பெயரின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை!

அந்நாட்டில் சூடு தணிக்கும் மற்றொரு மூலிகை சிங்ஹாவ். மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ என்ற பெண்மணி, நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் அதனைக் கொதிக்க வைக்காமல், நீரில் ஊறவைத்துப் பிழியும் முறையைக் கண்டார். கடும் சூட்டில் மருந்தின் வீரியம் கெடுகிறதோ என ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்துச் சோதித்தார். 1972-இல் ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. பழைய ஏடு வழி காட்டியது. சோதனை அதனை உறுதி செய்தது. ஆனால் அம்மருந்து மலேரியாவுக்கே உரியது, டெங்குவுக்கு அன்று. காய்ச்சல் என்பது ஒரே நோயன்று. பல நோய்களின் பொது அடையாளம். எந்தக் காய்ச்சல் என்பதை அடுப்பங்கரையில் அறிய முடியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும்.

டெங்குக் கிருமியை அழிக்கும் தனி மருந்து இன்றும் இல்லை. நீர் ஆகாரமும் இடைவிடாத கவனிப்புமே சிகிச்சை. சூடு தணியும் வேளையே அதில் ஆபத்தான வேளை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, கை கால் சில்லிடுதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாத்திரைகளைத் தாமாக வாங்கித் தரலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் நிலவேம்பு அருந்துவதும் தகாது.

தண்ணீர்த் தட்டுப்பாட்டால் நம் ஊர்களில் தொட்டியிலும் டிரம்மிலும் நீர் சேர்த்து வைக்கிறோம். டெங்குக் கொசு முட்டையிடுவது அந்த நல்ல நீரில்தான். வாரம் ஒருமுறை அவற்றைத் தேய்த்துக் கழுவி மூடி வைப்பது எந்தக் கஷாயத்திலும் சிறந்தது.

மருத்துவரையும், மண்ணில் விளையும் மருந்தையும் ஒருங்கே மதிக்கச் சொல்கிறது சீராக்கின் ஞான நூல், 38-ஆம் அதிகாரம். பாட்டியின் அன்பு கஷாயக் குவளையோடு நின்றுவிட வேண்டாம். பேரனின் கையைப் பிடித்து, மருத்துவமனை வாசல் வரைக்கும் அது நடக்கட்டும்.