எதிர்ப்புச் சக்தியும் அதன் கடிவாளமும்

2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவி, கடைவீதிகள் அடைபட்டு, மனிதனுக்கு மனிதன் அஞ்சி ஒதுங்கி நின்ற அந்த மாதங்களில், யாதொரு தடையுமின்றி எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்த ஒன்று உண்டென்றால், அது 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்னும் சொல்லேயாகும். கஷாயப் பொடி விற்றவரும், சத்து மாத்திரை விற்றவரும், ரொட்டியும் பாலும் விற்றவரும் தத்தம் சரக்கு அந்தச் சக்தியைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்தனர். தொற்றின் உக்கிரம் தணிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் அவ்விளம்பரங்கள் ஓயவில்லை. தன் குழந்தைக்கு ஒன்றும் நேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையினால், கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்து அந்தப் புட்டியை வாங்கும் தாயை நான் ஒருபோதும் குறை கூறேன். அவளுக்கு விற்கப்படும் கருத்தே அரைகுறையானது என்பதையும், அதனால் சரீரத்துக்கு விளையக்கூடிய தீங்கு இன்னதென்பதையும், அவள் பக்கம் நிற்கும் சட்டங்கள் எவை என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்வார் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

எதிர்ப்புச் சக்தி என்பது தொட்டியில் நிரம்பியிருக்கும் தண்ணீரைப் போல, கூடினால் நன்மை, குறைந்தால் தீமை என்று அளந்து சொல்லத்தக்க ஒரே பொருளன்று. பலவகை வெள்ளணுக்களும், அவை சுரக்கும் எண்ணற்ற ரசாயனப் பொருள்களும், எலும்பு மஜ்ஜையும், மார்பெலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியும், மண்ணீரலும், நிணநீர்க் கணுக்களும் ஒன்றையொன்று ஏவியும் தடுத்தும் நடத்தும் பெரியதொரு ராஜ்ய நிர்வாகம் அது. அந்நிர்வாகத்தில் படையெடுக்கும் ஆற்றலுக்கு எவ்வளவு இடமுண்டோ, அவ்வளவு இடம் படையைத் திரும்ப அழைக்கும் ஆற்றலுக்கும் உண்டு. இதை விஞ்ஞானிகள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய வரலாறு நம் காலத்ததே. அதைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன்.

1940-களில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில், கதிர்வீச்சின் விளைவுகளை அறிவதற்காக வளர்க்கப்பட்ட சுண்டெலிகளிடையே, தோல் செதில் செதிலாக உரிந்து, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் அளவுக்கு மீறி வீங்கி, பிறந்த சில வாரங்களுக்குள் மடிந்துபோகும் ஆண் குட்டிகள் தோன்றின. அவற்றின் சொந்த வெள்ளணுக்களே அவற்றின் உறுப்புகளைத் தாக்கி அழித்தன என்பது பல்லாண்டுகள் கழித்தே தெரியவந்தது. அந்தக் குட்டிகளிடத்தில் இல்லாமற்போனது எது என்ற கேள்வியை 1990-களில் கையில் எடுத்துக்கொண்ட விஞ்ஞானிகள் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், எலியின் எக்ஸ் குரோமோசோமில் ஏறக்குறைய 17 கோடி எழுத்துகளைக் கொண்ட மரபுச் செய்தியை வருஷக்கணக்கில் சலித்துச் சலித்து, ஐந்து லட்சம் எழுத்துகளாக அதைச் சுருக்கி, அதற்குள் கண்ட 20 மரபணுக்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவர, இருபதாவதாக எடுத்த மரபணுவிலேதான் பழுது இருக்கக் கண்டனர். ஃபாக்ஸ்பி-3 என்று பெயர் பெற்ற அந்த மரபணு மனிதரிடத்திலும் உண்டு. அது பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகள் ஐபெக்ஸ் என்னும் கொடிய நோய்க்கு ஆளாகி, குடலும் தோலும் கணையமும் ஒருங்கே தாக்குண்டு துன்புறுகின்றனர் என்பதையும் 2001-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

இதற்கு முன்பே ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி வேறொரு வழியாக இதே வாசலை வந்தடைந்திருந்தார். பிறந்த மூன்றாம் நாளில் தைமஸ் சுரப்பி நீக்கப்பட்ட சுண்டெலிகள் எதிர்ப்புச் சக்தி குன்றி நலியும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவையோ அச்சக்தி கட்டுமீறிப் போனதனால் தம் உடலையே தாம் தாக்கும் நோய்களுக்கு ஆளாயின. ஒத்த மரபுடைய வேறு எலிகளின் முதிர்ந்த டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களைச் செலுத்தியபோது அந்நோய் தடுக்கப்பட்டது கண்டு, தடுக்கும் தொழிலுக்கென்றே தனியொரு வகை அணுக்கள் இருத்தல் வேண்டும் என்று அவர் ஊகித்தார். அத்தகைய கருத்தைப் பெரும்பாலோர் நம்ப மறுத்த காலத்திலும் தளராது முயன்று, 1995-இல் அந்த அணுக்களை அடையாளம் காட்டினார். ஃபாக்ஸ்பி-3 மரபணு ஆள்வதும் இவ்வணுக்களையே என்பது பின்னர் தெளிவாக, மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை ஆராய்ந்ததற்காக அல்லாமல், அதன் கடிவாளத்தைக் கண்டறிந்ததற்காக இப்பரிசு அளிக்கப்பட்டதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கடிவாளம் அறுந்தால் விளைவது என்ன என்பதற்கு எலிகளோடு நிற்கவேண்டியதில்லை. லண்டனில் 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், டி அணுக்களைத் தூண்டும் புதியதொரு மருந்து, விலங்குகளுக்குத் தீங்கு செய்யாதிருந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே ஆயினும், ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் செலுத்தப்பட, சில மணி நேரத்துக்குள் அறுவரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்கு உள்ளாயினர். உயிர் பிழைத்தது பெரும்பேறு. கொரோனாவிலேயே பலரைக் கொன்றது வைரஸ் மட்டுமன்று, அதன்மேல் மூண்டெழுந்து நுரையீரலையும் சேர்த்து எரித்த எதிர்ப்புக் கொந்தளிப்புமாகும். 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபர்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட ரெகவரி ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக நிரூபணமான மருந்து டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு; எதிர்ப்புச் சக்தியை அடக்குவதே அதன் குணம். கடைகளெல்லாம் 'பெருக்கு, பெருக்கு' என்று முழங்கிய அதே ஆண்டில், மருத்துவமனையில் உயிர் காத்தது அடக்கும் மருந்தே என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? அதே ஆய்வு, பிராணவாயு தேவைப்படாத நோயாளிக்கு அம்மருந்தினால் நன்மை இல்லை என்றும் கூறிற்று. அக்கூற்றைப் பொருட்படுத்தாமல் ஸ்டீராய்டை அளவின்றி உட்கொண்டதும், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் கூடியதனால், 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் நம் நாட்டில் பலருடைய கண்ணையும் உயிரையும் பறித்தது.

சீந்தில் கொடியின் கதையும் இத்தருணத்தில் சொல்லத்தக்கது. எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று நம்பி அதைத் தாமாகவே அருந்திவந்த ஆறு பேருக்கு, தன் உடலைத் தானே தாக்கும் வகையை ஒத்த கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, ஒத்த தோற்றமுடைய வேறு கொடியாக அது இருக்கலாம் என்றது. கொடி எதுவாயினும், தேர்ந்த சித்த வைத்தியர் நோயாளியின் நிலையறிந்து அனுபானத்தோடு அளந்து தருவதும், விளம்பரம் கண்டவர் மாதக்கணக்கில் தாமே காய்ச்சிக் குடிப்பதும் ஒன்றாகா. மரபு மருத்துவத்தின் பேரில் மதிப்புடையவர்களே இந்த வேற்றுமையை முதலில் வற்புறுத்த வேண்டும். லூபஸ், முடக்குவாதம், தைராய்டு அழற்சி, சோரியாசிஸ், குழந்தைப் பருவத்துச் சர்க்கரை நோய் முதலியவை கடிவாளம் தளர்ந்ததால் வருபவை. அவற்றையுடையவர் 'சக்தியைப் பெருக்கும்' எதையும் தம் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்வது அபாயம்.

அப்படியானால் எதிர்ப்புச் சக்திக்கு மெய்யாகவே துணை செய்வது ஒன்றுமில்லையோ என்றால், உண்டு. தடுப்பூசி உண்டு, அது பொதுவாக எதையும் பெருக்குவதில்லை, இன்ன கிருமி பகை என்று மட்டும் அணுக்களுக்குக் கற்பிக்கிறது. சோறு உண்டு. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் பங்கேற்று, ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு உணவுப் பொருள்கள் கொடுத்து நடத்தி, 2023-இல் வெளியான ஆய்வில், குடும்பத்தினரும் அரிசியும் பருப்பும் பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. புட்டியில் அடைத்த எந்தச் சரக்கும் இதற்கு நிகரான சான்றைக் காட்டியதை நான் அறியேன். உணவுக்கான உதவி தர்மமாகக் கேட்டுப் பெறவேண்டியதும் அன்று: காசநோய்க்குப் பதிவு செய்துகொண்டு சிகிச்சை பெறுபவருக்கு, நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரவேண்டும், சேராவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயங்காமல் கேட்கலாம்.

மற்றோர் அபாயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் 'ஒரே வாரத்தில் குணம்' என்று பெயரில்லாப் பொட்டலத்தில் தரப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்த செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. வலி மாயமாய் மறைந்து, பசி பெருகி, முகம் உப்பி, சர்க்கரை ஏறுமாயின், உட்கொண்டது என்னவென்று ஐயுறவேண்டும். அப்போதும் நீண்ட நாள் உண்டதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டை அதற்குள் சுரக்க மறந்திருக்கும். பொட்டலத்தோடு மருத்துவரிடம் சென்று, அவர் சொல்லும் கிரமப்படி குறைத்துவருவதே வழி.

இனி நியாயம் கேட்கும் வழிகளைக் காண்போம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாந்திரிகப் பரிகாரங்கள் சட்டம், தன் அட்டவணையில் உள்ள 54 நோய்களையும் நிலைகளையும் தீர்ப்பதாகவோ வராமல் தடுப்பதாகவோ எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. புற்றுநோய், சர்க்கரை நோய், மூட்டுவாதம், வெண்புள்ளி, லூபஸ் ஆகியவை அந்த அட்டவணையில் இருக்கின்றன. அட்டவணையில் இல்லாத நோயாயினும், மருந்தின் உண்மைத் தன்மையைப் பற்றிப் பொய்யான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரமும் குற்றமே. தாயத்தும் மந்திரமும் கவசமுங்கூட இச்சட்டத்தின் கண்ணுக்குத் தப்புவதில்லை. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரையிலும், மீண்டும் செய்தால் ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. எழுபது ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட இந்தச் சட்டத்தை நாம் பயன்படுத்தத் தவறியது நம் குறையே. விளம்பரத்தின் படத்தையும், வெளியான தேதியையும் இணைத்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எவரும் முறையிடலாம்.

பொருளை வாங்கி ஏமாந்தவருக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணையாகும். 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரையில் கட்டணமின்றியும், வக்கீல் இன்றியும் வழக்குத் தொடரலாம்; தீங்கு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. பொய் விளம்பரம் செய்த உற்பத்தியாளருக்கும், அதில் தோன்றிப் பரிந்துரைத்த பிரபலருக்கும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கெல்லாம் ஆதாரம் ரசீதேயாகையால், பத்து ரூபாய்ப் பொருளாயினும் ரசீது கேட்டு வாங்குங்கள். காலியான புட்டியையும் எறியாதீர்கள். மருந்தினால் தீய விளைவு நேர்ந்தால் 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் நோயாளியே அதைப் பதிவு செய்யலாம். மருத்துவர்தான் சொல்லவேண்டும் என்ற நியதி இல்லை.

தன்னுடலைத் தாக்கும் நோயுடையவர்கள், அவர்களிலும் குறிப்பாகப் பெண்கள், அறியவேண்டியது இன்னொன்று. லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களுடைய சோர்வும் மூட்டு நோவும் 'வேலை செய்ய மனமில்லை' என்ற பேச்சினால் ஆண்டுக்கணக்கில் அலட்சியம் செய்யப்படுவதைக் காணும்போது மனம் கொதிக்கிறது. மருத்துவரை மாற்றுவதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளுள் ஒன்றாதலின், அதனால் பாதிக்கப்பட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

புதிய சிகிச்சைகளைப் பற்றிய நம்பிக்கை வீணன்று. ஜெர்மனியின் எர்லாங்கனில், லூபஸ் நோயாளிகளின் சொந்த டி அணுக்களை எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தியதில், வேறு மருந்துக்கு அடங்காத நோய் தணிந்ததை 2022-இல் ஐந்து பேரிடத்தும், பின்னர் வேறு சில தன்னுடல் தாக்கு நோய்களையும் சேர்த்துப் பதினைந்து பேரிடத்தும் மருத்துவர் கண்டனர். ஆனால் இது இன்னும் பரிசோதனை நிலையில் இருப்பது. இத்தகைய பரிசோதனைக்கு அழைக்கப்பட்டால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதனை மருந்துக்கே பணம் கேட்டால் விலகிக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அதனால் காயம் நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் நஷ்ட ஈடும் உங்களுக்கு உரியவை. எந்த நாளிலும் காரணம் கூறாமலே விலகலாம். ஒப்புதல் படிவம் நீங்கள் அறிந்த மொழியில் இருக்கவேண்டும், அதன் பிரதி ஒன்று உங்கள் வீட்டுக்கு வரவேண்டும்.