புதுக் கோழிகளைப் பழைய கோழிகளுடன் சேர்ப்பது எப்படி?

புறக்கடையில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் வளர்க்கும் வீடுகளில், ஆண்டுக்கு ஒரு முறையாவது புதுக் கோழி வாங்க வேண்டி வருகிறது. வயதான பெட்டைகளைக் கழித்திருப்பார்கள். சிலவற்றைக் கீரியோ நாயோ கொண்டு போயிருக்கும். சந்தையில் மூன்று நான்கு விடைக் கோழிகளை வாங்கி வந்து, அன்று மாலையே பழைய கோழிகளுடன் கூட்டில் அடைத்துவிடுவது பெரும்பாலோரின் வழக்கம். சில சமயம் பத்து நாளில் புதியவையும் இல்லை, பழையவையும் இல்லை என்ற நிலை ஏற்பட்டுவிடுகிறது. முட்டை விற்ற காசில் கைச்செலவைச் சமாளித்து வரும் பெண்களுக்கு இது பெரிய இழப்பாகும். நான்கு வாரம் பொறுத்தால் இந்த இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

புதுக் கோழிகளால் வரும் தொல்லைகள் இரண்டு. ஒன்று நோய், மற்றொன்று சண்டை. சண்டை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதையே கவனிக்கிறார்கள். ஆனால் கூட்டத்தையே அழிப்பது நோய்தான்.

நோய் வரும் வழி

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கு மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கோழிகளில் இது புகுந்தால் பெரும்பாலானவை மடிந்துவிடும். கிருமி உடலில் புகுந்த பின் நோய்க்குறி வெளியே தெரிய 2 முதல் 15 நாள் வரை ஆகும். பெரும்பாலும் 5 அல்லது 6 நாளில் தெரியும். எனவே, சந்தையில் கொண்டை சிவந்து சுறுசுறுப்பாக நிற்பதை மட்டும் வைத்து ஒரு கோழியை நோயற்றது என்று முடிவு செய்ய இயலாது. ஊரில் கோழிகள் சாகத் தொடங்கியதும், மிச்சம் இருப்பவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடும் பழக்கமும் உண்டு. கோடையில் கோழி வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

முதல் மூன்று வாரங்கள்

புதுக் கோழிகளை வீட்டின் மறுபக்கத்தில், பழைய கோழிகள் மேயாத இடத்தில் தனியாக அடைக்க வேண்டும். குறைந்தது 30 அடி தூரமாவது இருப்பது நல்லது. தீவனத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்க வேண்டும். நாள்தோறும் பழைய கோழிகளைக் கவனித்து முடித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். திரும்பும்போது கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம்.

வந்த அன்றே இறக்கையின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகுகளை விலக்கிப் பேன், உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் பயன்படுத்தலாம். இரண்டு மூன்று நாள் இளைப்பாறிய பின் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் கழித்துக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி போடலாம். புழுக்கள் நிறைந்த கோழிக்குத் தடுப்பூசி போட்டால் முழுப் பலன் கிடைக்காது. ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதும் இல்லை. சுமார் இரண்டு வாரம் ஆகும். பழைய கோழிகளுக்குத் தவணை தவறியிருந்தால் அவற்றுக்கும் அப்போதே போட்டுவிட வேண்டும்.

இந்த நாட்களில் எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், இறக்கை தொங்குதல், கழுத்து திருகிக்கொள்ளுதல் ஆகிய குறிகள் தென்பட்டால் உடனே கால்நடை மருந்தகத்தில் தெரிவிக்க வேண்டும். நோயுற்ற கோழியை விற்கவோ, இறந்ததை வாய்க்காலில் எறியவோ கூடாது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். மூன்று கோழிகளோடு போகும் இழப்பு, சேர்த்து அடைத்திருந்தால் பதினைந்தோடு போயிருக்கும்.

நான்காவது வாரம்

கோழிகளுக்குள் ஒரு வரிசை முறை உண்டு. எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு ஒதுங்க வேண்டும் என்பது அதில் அடங்கும். நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப்-எப்பே 1922-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கியுள்ளார். புதுக் கோழி நுழைந்ததும் இந்த வரிசை குலைந்து, மறுபடி கொத்திக் கொத்தித்தான் அமைய வேண்டியிருக்கிறது. சண்டைக்குக் காரணம் இதுவே.

இதற்கு நம் வீட்டுப் பஞ்சாரமே போதும். புதியவற்றைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பழையவை மேயும் இடத்தில் நிழலில் வைக்க வேண்டும். உள்ளே தண்ணீரும் கொஞ்சம் கம்பும் இருக்கட்டும். முதல் நாள் பழைய கோழிகள் சுற்றி வந்து இடுக்கு வழியாகக் கொத்தும். காலையும் மாலையும் ஓரிரு மணி நேரம் இப்படி வைத்தால், நாலைந்து நாளில் திரும்பிக்கூடப் பாராமல் மேயத் தொடங்கும். அதுவே சேர்ப்பதற்கான அடையாளம்.

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. ஆகவே, பழையவை கூட்டில் அடைந்த பிறகு இரவில் புதியவற்றையும் உள்ளே விட வேண்டும். மறுநாள் விடிந்ததும் தாமதமின்றிக் கூட்டைத் திறந்துவிட வேண்டும். தீவனத்தை ஒரே இடத்தில் போடாமல், இரண்டு மூன்று இடங்களில் தள்ளித் தள்ளிப் போடுவது அவசியம். சுவரில் சாய்த்து வைத்த பலகை, கவிழ்த்த கூடை போன்றவை துரத்தப்படும் கோழி ஒதுங்க உதவும்.

கவனிக்க வேண்டியவை

ஒற்றைக் கோழியாகச் சேர்க்கக் கூடாது. கொத்து முழுவதும் அதற்கே விழும். இரண்டு மூன்றாகச் சேர்ப்பது நல்லது. பழைய கோழிகளின் உடலளவை நெருங்காத குஞ்சுகளையும் சேர்க்கக் கூடாது. தாய்க்கோழி குஞ்சுகளுடன் மேயும் சமயத்தைத் தவிர்க்க வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். இரண்டாவது சேவல் வந்தால் சண்டை ஓயாது.

ஒரு வாரம் வரை சிறு கொத்தலும் துரத்தலும் இருக்கும். அதில் தலையிட வேண்டியதில்லை. இரத்தம் கண்டால் மட்டும் காயம்பட்ட கோழியை உடனே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவ வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் கூடிக் கொத்தும். ஒரே கோழி விடாமல் துரத்தினால், அந்த முரட்டுக் கோழியை நாலு நாள் தனியாக அடைத்து வைக்கலாம். திரும்பி வரும்போது அதுவே புதுக் கோழி போல ஆகிவிடுவதால் முரட்டுத்தனம் குறையும். முட்டை சில நாள் குறைந்தாலும் பிறகு சரியாகிவிடும்.

அடைக்கோழி வழி

அடைக்கோழி இருக்கும் வீட்டில், பெரிய கோழிகளை வாங்குவதைவிட, நோயற்றது என்று நன்கு தெரிந்த இடத்திலிருந்து கருவுற்ற முட்டைகள் பத்துப் பன்னிரண்டு வாங்கி அடைவைப்பது நல்லது. 21 நாளில் குஞ்சு பொரிக்கும். தாயுடன் வளரும் குஞ்சுகள் கூட்டத்தோடு இயல்பாகவே பழகிவிடும். சந்தை நோயும் வீட்டுக்கு வராது.

தமிழ்நாட்டில் கோடைக்கு முன் கால்நடை பராமரிப்புத் துறையினர் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் நடத்துகின்றனர். புதுக் கோழி வாங்க எண்ணுவோர், முதலில் பழைய கோழிகளுக்கு அங்கே ஊசி போட்டுக்கொண்டு, பிறகு சந்தைக்குப் போவது நலம் பயக்கும்.