பயாப்ஸி ரிசல்ட் வர ஏன் நாளாகிறது?

கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை அப்படியே மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் தெரியாது. ஒளி ஊடுருவாத தடிமன். செல்களுக்கோ நிறம் கிடையாது. அதனால் அழுகாமலிருக்க முதலில் ஃபார்மலினில் ஊறவைக்கிறார்கள். பிறகு ஈரத்தை நீக்கி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் கருவியில் 3 முதல் 5 மைக்ரான் கனத்துக்குச் சீவுகிறார்கள். இதில் அவசரப்பட்டால் செல்கள் சிதைந்துவிடும்.

அடுத்தது சாயம். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹீமடாக்ஸிலின், செல்லின் உட்கருவை ஊதாநீலமாக்கும். ஈயோசின் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கும் இந்த இரட்டைச் சாயத்தின் ஆற்றல் இன்றும் வியக்கவைக்கிறது.

இனி நோய்க்குறியியல் மருத்துவரின் கண் வேலை. உட்கரு பருத்து, அடர்ந்து, ஒன்றுபோல் ஒன்றில்லாமல் இருக்கிறதா? செல்கள் தாறுமாறாகப் பிளவுபடுகின்றனவா? இவற்றைவிட முக்கியம், எல்லை. எடுத்துக்காட்டாக, மார்பகப் புற்றில், பால்நாளத்துக்குள்ளேயே புற்றுச்செல்கள் அடங்கியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். நாளத்தைச் சூழ்ந்த அடித்தளச் சவ்வைத் துளைத்து வெளியேறியிருந்தால், அவை நிணநீர் வழியே பரவக்கூடும்.

உருவம் மட்டும் போதாதபோது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்2 போன்ற புரதங்களை ஆன்டிபாடிகளால் தேடுவார்கள். அதற்கு மேலும் சில நாள். காத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரும் வேதனைதான். ஆனால் ஹெர்2 மிகுந்திருப்பது தெரிந்தால்தான் டிராஸ்டுசுமாப் மருந்தைத் தொடங்க முடியும்.