வளைகாப்பு மேடையில் பிரசவ வலியைப் பற்றியும் பேசுவோம்

தூத்துக்குடி மாவட்டத்தில் சமுதாய வளைகாப்பு நடக்கும் மண்டபங்களில் மீனவப் பெண்ணும் உப்பளத் தொழிலாளியும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நடத்தும் விழா இது. அங்கன்வாடிப் பணியாளர்கள் கர்ப்பிணிகளை அழைத்து வருகிறார்கள். சந்தனம், குங்குமம், கை நிறைய வளையல், ஐந்து வகைச் சாதம் எல்லாம் உண்டு. ஓரமாகக் கீரையும் சிறுதானியமும் பயறும் அடுக்கிய சத்துணவுக் கண்காட்சி. வீட்டில் வளைகாப்பு நடத்த வசதியில்லாதவளுக்கும் ஊர்கூடிச் சீர் செய்வதால், அரசு விழாக்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வளையல் ஓசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். ஏறக்குறைய ஆறாம் மாதம் முடியும்போதே சிசு ஒலிக்கு அசையத் தொடங்குகிறது. ஆனால் வயிற்றுத் தசையும் பனிக்குட நீரும் கீச்சு ஓசைகளை மட்டுப்படுத்திவிடும். கனத்த ஓசைகளே எளிதில் உள்ளே போகும். அதனால் கண்ணாடி வளையலைவிட அம்மாவின் பேச்சுதான் பிள்ளைக்கு நன்றாகக் கேட்கிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் அம்மாவின் குரலைக் கேட்பதற்காகச் சப்பும் வேகத்தையே மாற்றிக்கொள்வதை 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்த மண்டபங்களில் ரத்தசோகையைப் பற்றிச் சொல்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிச் சொல்கிறார்கள். பிரசவ அறைக்குள் என்ன நடக்கும் என்பதையும் இதே அளவுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அவற்றில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. உயிர் காக்கும் அறுவை அது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடும்போது தாய், சேய் மரணம் அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நம்முடைய விகிதம் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

காரணங்கள் பல. அவற்றில் பயத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்சிடோசின். பயந்தவளின் உடலில் அட்ரினலின் ஏறும்; அது ஏற ஏற வலியின் தாளம் குலையலாம். பக்கத்தில் ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் குழுவினர் குவாத்தமாலாவில் சோதித்தார்கள். துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. 2017இல் 17 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் தொகுப்பும், தொடர்ந்து துணை கிடைத்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்றே கண்டது.

தமிழ்நாடு இதில் முன்னோடி. 2004இலேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் வந்துவிட்டது. அம்மாவோ அத்தையோ மதினியோ, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள ஒரு பெண் உள்ளே கூட இருக்கலாம். உரிமை இருப்பது தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும் அம்மாக்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. வலி எடுத்தவள் நடக்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம், மல்லாந்தே கிடக்க வேண்டியதில்லை. கருப்பைவாய் 5 செ.மீ. திறக்கும் முன்பே பிரசவத்தை முடுக்கிவிட அவசரப்பட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி, தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை.

இயற்கைப் பிரசவம் என்றால் வீட்டுப் பிரசவம் என்று சிலர் பரப்புகிறார்கள். அது ஆபத்து. 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் ரத்தப்போக்கால் இறந்தார். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நச்சுக்கொடி விழுந்தபின் கருப்பை இறுகாவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை உயிர் தாங்காமல் போகலாம். இயற்கையாகப் பெற்றெடுக்க விரும்புகிறவள் அதை மருத்துவமனையிலேயே கேட்டுப் பெற வேண்டும்.

பிள்ளை பிறந்த பின் நம் கடற்கரை வழக்கங்கள் தொடங்கும். கருப்பட்டித் தண்ணீரைச் சேனையாகப் பிள்ளையின் நாவில் தொட்டு வைப்பார்கள். உடன்குடிக் கருப்பட்டி எவ்வளவு நல்லதானாலும் பச்சைப்பிள்ளை வாய்க்கு வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போதும். நோய் எதிர்ப்புப் புரதங்கள் அதில்தான் செறிந்திருக்கின்றன. பால் ஊறப் பால்சுறாப் புட்டு கொடுப்பதும் வழக்கம். சுறாவில் புரதம் உண்டு, ஆனால் பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும். பாலூட்டுவோர் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சேர்த்திருக்கிறது. பால் பெருகுவது பிள்ளை அடிக்கடி குடிப்பதால்தான். மீன் வேண்டுமென்றால் சாளையும் நெத்திலியும் இருக்கின்றன. மூளை வளர்ச்சிக்கான கொழுப்பு அமிலம் நிறைந்தவை, விலையும் குறைவு.

சமுதாய வளைகாப்பை நடத்தும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் ஒரு செவிலியரை மேடையேற்றி அரை மணி நேரம் பேசவிடுங்கள், பெண்களைக் கேள்வி கேட்கவிடுங்கள். கர்ப்பிணிகளே, விழாவுக்குத் தனியாகப் போகாதீர்கள். பிரசவ அறைக்குள் உங்களோடு வரப்போகிறவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.