கசப்பு ஏன் நெஞ்சில் தங்குகிறது?

அந்தமான் தீவுகளில் வாழும் நம்மவரிடம் கடலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மீனும் பிழைப்பும் தந்த கடலுக்கு முன்னால், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை பொங்கி வந்த கடல்தான் பலருக்கும் நினைவில் வரும். ஆயிரக்கணக்கான அமைதியான காலைகளை அந்த ஒரே காலை எப்படி வென்றது?

மனோதத்துவ நிபுணர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் தொலைந்த வருத்தமே மனத்தில் அதிகம் கனக்கிறது என்பதைக் கானெமன், ட்வெர்ஸ்கி ஆகிய இருவர் 1979-இல் எடுத்துக்காட்டினர். 2001-இல் ராய் பாமைஸ்டர் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நல்லதைவிடக் கெட்டதே வலியது என்ற முடிவுக்கு வந்தனர். சுடுசொல் விட்டுச்செல்லும் வடுவை வள்ளுவர் அன்றே பாடிவிட்டாரே!

காரணம் என்ன? காட்டில் வாழ்ந்த ஆதிமனிதன் பழமரத்தைக் கவனிக்காமல் போனால் ஒரு வேளைப் பட்டினி. பாம்பைக் கவனிக்காமல் போனால் உயிரே போய்விடும். ஆகவே ஆபத்தை முதலில் கவனிக்கும் மூளையே பிழைத்தது. அச்சம் எழும்போது மூளையில் பாதாம்பருப்பு வடிவிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி விழித்துக்கொள்கிறது. அப்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்நிகழ்ச்சியை நினைவில் ஆழமாகப் பதிக்கின்றன.

இது குறையல்ல, காவல். சிறிய அந்தமானில் வாழும் ஓங்கே பழங்குடியினர் அன்று கடல் பின்வாங்கியதைக் கண்டு மேட்டுப் பகுதிக்குச் சென்று உயிர் தப்பினர். முன்னோர் வழிவழியாகச் சொல்லி வைத்த எச்சரிக்கையே அவர்களைக் காத்தது.

ஆனால் காவல்காரனே வீட்டை ஆளத் தொடங்கினால் நிம்மதி ஏது? கெட்டது தானாகவே ஒட்டிக்கொள்ளும். நல்லதை நாம்தான் ஒட்டவைக்க வேண்டும். நிலைத்து நிற்கும் தம்பதியர், பிணக்கின்போதுகூட ஒரு கசப்புக்கு ஐந்து இனிமை என்ற அளவில் பழகுவதாக ஜான் காட்மன் கண்டறிந்தார். பிள்ளையை ஒருமுறை கடிந்துகொண்டால், ஒருமுறை கொஞ்சினால் மட்டும் கணக்கு நேராகாது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

சுனாமிக்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் அவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்வோம். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது ஒன்று. அன்று கதவைத் திறந்து இடம் கொடுத்தவர்களும், இருந்த சோற்றைப் பகிர்ந்து உண்டவர்களும் இருந்தார்கள் என்பது மற்றொன்று. முதலாவது உயிரைக் காக்கும். இரண்டாவது மனத்தைக் காக்கும்.