மனுவுக்குப் பின் என்ன?

ஹவுரா மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2018 டிசம்பரில் முடிந்தது; பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. வார்டு உறுப்பினர் இல்லாத நிலையில், சாக்கடை அடைப்புக்கு யாரிடம் முறையிடுவதென்று நம்மவர் திகைத்தனர். மனு எழுதுவது எளிது. ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் அறிந்தவரை, மறுபடி எடுத்துப் பார்க்க நாள் குறிக்காத கோப்பு உறங்கிவிடும்.

பெங்களூரில் நடந்ததைக் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டில் சாமுவேல் பால் குழுவினர் நகர மக்களை விசாரித்து, துறைதோறும் மதிப்பெண் அட்டை வெளியிட்டனர். நகர வளர்ச்சி ஆணையம் செவிசாய்த்தது. ஏனையவை பெரும்பாலும் வாளாவிருந்தன. 1999-இல் மீண்டும் விசாரித்தபோதும் முன்னேற்றம் சொற்பமே. அவ்வாண்டு முதலமைச்சர் எஸ். எம். கிருஷ்ணா ஒரு பணிக்குழு அமைத்தார். அதன்பின் துறைத் தலைவர்கள் ஆறு மாதத்துக்கொருமுறை பொதுமேடையேறி, செய்ததையும் செய்யாததையும் கூற நேர்ந்தது. 2003 அட்டையில் மக்களின் திருப்தி வெகுவாக உயர்ந்திருந்தது.

நமக்கு மேடை இல்லை. ஆயினும் மனுவின் நகலையும் ரசீது எண்ணையும் பத்திரப்படுத்தியவர், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ‘என் மனு என்னவாயிற்று?’ என்று கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும்.